மூன்று பேர் உட்காரும் பெஞ்சு

"உனக்குன்னு ஏதாவது வேணுமா? கேளு" என்றான் ஜோஸ்வின். கல்யாணமாகி அனிஷாவை லால்குடியிலிருந்து காட்டூருக்கு அழைத்து வந்த நாள் அது. ரயில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நின்றிருந்தது.

"ஒண்ணு இருக்கு. அப்புறம் சொல்றேன்."

"மறந்துட மாட்டியே?"

"நீங்க மறக்காம இருந்தா சரி."

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. அவள் சொல்லவே இல்லை. அப்பா இறந்ததும் வேலைக்குப் போய்விட்ட அனிஷா, பி.காம். முழுக்கத் தபாலில்தான் படித்தாள். ஒரு முறையாவது கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. இந்த வயசில் இதைக் கேட்டால் சிரிப்பானோ என்று தயக்கம்.

எம்.பி.ஏ. பேச்சை இப்போது அவனே எடுத்தான். அவள் வேலை பார்க்கும் புத்தூர் ஆஸ்பத்திரியில் பதவி உயர்வுக்கு அது தேவைப்பட்டது. ஆன்லைன்தான் நல்லது என்று நாலு பேரிடம் விசாரித்து வந்து சொன்னான். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்லூரியில் சாயங்கால வகுப்பு இருந்தது. ஆனால் அங்கே போய்விட்டு, பஸ் மாறி வீடு திரும்புவதற்குள் அவர்களின் குட்டிப் பாப்பா தூங்கிவிடுவாள். வீட்டிலென்றால் விட்டுப்போன பாடத்தை மறுபடி போட்டுக் கேட்கலாம். அவன் சொன்னதெல்லாம் நியாயமாக இருந்ததுதான் அவளுக்குச் சங்கடம்.

மரச்சாமான் பட்டறை வைத்திருப்பவன் சும்மா இருப்பானா? படுக்கையறை மூலைக்கு அளவெடுத்துத் தேக்கில் ஒரு மேசையே செய்துவிட்டான். காபி டம்ளர் சாயாமலிருக்க அதில் ஒரு குழி. பாப்பாவின் கை எட்டாத உயரத்தில் புத்தகத்துக்கு ஒரு தட்டு. அதைத் தடவிப் பார்த்த பிறகு எந்த வாயால் வேண்டாம் என்பது?

அந்த மேசையில் உட்கார்ந்துதான் மாதிரி வகுப்பைக் கேட்டாள். பாடம் நன்றாகவே இருந்தது. முடிந்ததும் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்கள் ஒரே நொடியில் மறைந்தன. ஒரு சந்தேகம் கேட்கப் பக்கத்தில் திரும்பினாள். பீரோதான் நின்றது.

சனிக்கிழமை மதியம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு போனாள். புது பெஞ்சுகள் வரிசையாக நின்றன. அந்த ஸ்ரீரங்கம் கல்லூரிக்குத்தான் போகின்றனவாம். ஜோஸ்வின் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ஓரத்துல உக்காந்திருக்க? நடுவுல தாராளமா உக்காரேன்."

"இது மூணு பேர் உக்கார்ற பெஞ்சுங்க. மத்த ரெண்டு பேருக்கு இடம் வேணாமா?"

சிரிக்க ஆரம்பித்தவன், அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். வார்னிஷ் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு ரயில்ல அப்புறம் சொல்றேன்னியே. அந்த அப்புறம் இன்னும் வரலியா?"

அவன் மறக்கவில்லை.

"மேசை ரொம்ப அழகா இருக்குங்க. அதுல வீட்டுப்பாடம் எழுதிக்கிறேன். ஆனா நான் க்ளாஸுக்குப் போய்த்தான் படிக்கணும். சாயங்காலத்துல பாப்பாவ நீங்க பாத்துக்கிறீங்களா?"