கப்பல் சுமந்து வந்த தண்ணீர்

ஜாஹித் கப்பலின் அடித்தொட்டிக்குள் குனிந்து சேறு அள்ளிக்கொண்டிருந்தான். சரக்கில்லாத கப்பல் நிலைகொள்வதற்காக அயல்கடலில் நிரப்பிய தண்ணீர் விட்டுப்போன சேறு. மற்ற தொட்டிகளில் தண்ணீர் இன்னும் நிறைந்திருந்தது. சரக்கு ஏற ஏற அதை வெளியேற்ற வேண்டும். அதற்குமுன் அதிலுள்ள உயிர்களைக் கொல்லும் விளக்குக் குழாய் வழியாக அது போக வேண்டும் என்பது சட்டம்.

சேற்றில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நண்டு அசைந்தது. அதை ஒரு டப்பாவில் இட்டுத் தன் அறையில் வைத்தான். எட்டு மாதமாக அந்த அறையில் அவனைத் தவிர வேறு உயிர் இல்லை.

கப்பல் அரிசி ஏற்ற அவன் ஊர்ப்பக்கத் துறைமுகத்துக்கே வந்திருந்தது. வலங்கைமானிலிருந்து பஸ் ஏறி வந்த அவன் மனைவி ஹஃப்ஸா, குழந்தை அனீஸாவோடு துறைமுக வாசலில் காத்திருந்தாள். மாலைவரை கரையிறங்க அவனுக்கு அனுமதி உண்டு.

"தண்ணிக் குழாய் விளக்கு எரியல சார்," என்றான் ஜாஹித், கப்பல் இன்ஜினியரிடம்.

"லாரியெல்லாம் வரிசையா நிக்குது. பைபாஸத் திற."

"அப்படியே கடல்ல போயிடுமே சார். நம்ம ஊருக் கடலு."

"கடலப் பாக்குறியா, பொண்டாட்டியப் பாக்கப் போறியா?"

விளக்கைத் தொடாமல் தண்ணீரை நேரே கடலுக்கு விடும் பைபாஸ் வால்வை ஜாஹித் திருகினான். எந்த வேலைக்கும் முன்னால் வரும் பிஸ்மில்லா அன்று நாவில் வரவில்லை.

குளித்துச் சட்டை மாற்றும்போது அறைக்கு வந்த இன்ஜினியர் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"வெளிநாட்டு நண்டுடா இது! ஆபீசருங்க பாத்தா அபராதம் யாரு கட்டுறது?"

"ஒண்ணே ஒண்ணு சார்... பாவமா இருந்துச்சு."

"ஒண்ணு போதும், ஒரு கடலக் கெடுக்க. நீ இன்னிக்கி எறங்க வேணாம்." டப்பாவில் வெந்நீரை ஊற்றிவிட்டுப் போனார்.

வாசலில் காவலர் தங்கையன் தன் நாற்காலியை ஹஃப்ஸாவுக்குக் கொடுத்துவிட்டு வெயிலில் நின்றார். அவள் கைபேசி ஒலித்தது. ஜாஹித்தான்.

"எறங்கிட்டீங்களா?"

"இன்னிக்கி எறங்க விடமாட்டாங்களாம்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "சாப்டீங்களா?" என்றாள்.

தங்கையன் அவள் முகத்தைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். "அந்தா பாரு, உங்க அத்தா கப்பலு."

சாம்பல்நிறக் கப்பலின் விலாவிலிருந்து தண்ணீர் வெள்ளை வெளேரென்று கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. அனீஸா இரு கைகளையும் தட்டினாள்.

"அத்தா தண்ணி ஊத்துறாங்க!"