அக்கா என்றே எழுதுங்கள்

1971 மார்ச்சில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க மானகிரிக்கு வந்தவர் தங்கச்சாமி வாத்தியார். சோணை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சோணையின் விவரங்களை எழுதி முடித்தார். அடுத்து, செத்துப்போன தம்பி மாயக்கண்ணனின் மனைவியைக் கூப்பிட்டார்.

"பேரு?"

"பூவாயி," என்றார் சோணை.

"மிபூ," என்றாள் அவள். "பூவாயி இந்த ஊரு வச்ச பேரு."

"தாய்மொழி?"

"தமிழ்னு போடுங்க சார்," என்றார் சோணை.

"அக்கா," என்றாள் மிபூ.

வாத்தியார் நிமிர்ந்தார். "எந்த அக்காவக் கேக்கணுங்கிறீக?"

"ஒறவுமொற இல்ல சார். எங்க சனத்துக்குப் பேரு அது. நாங்க பேசுறதுக்கும் அதான் பேரு."

சோணையின் முகம் கறுத்தது. அதற்குக் காரணம் இருந்தது.

யுத்தம் முடிந்த கையோடு பர்மாவின் கிழக்கு மலைப்பக்கம் போன மாயக்கண்ணன், கெங்துங் ஊரில் டீக்கடை வைத்தார். உப்பு வாங்க மலையிலிருந்து இறங்கிவந்த அக்கா இனத்துப் பெண் மிபூ, அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து அவரையே கட்டிக்கொண்டாள். பஜாரில் இருந்த ஷான் மக்களுக்கு மலைச்சனம் என்றால் இளக்காரம். ஆகவே தலையிலிருந்த வெள்ளிக்காசுத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஷான் லுங்கி கட்டினாள். கேட்டவர்களிடமெல்லாம் ஷான் என்றே சொன்னாள். ஒருநாள் முதுகில் கூடையோடு அவளுடைய அப்பா கடை வாசலில் வந்து நின்றார். "யாரும்மா இது?" என்று ஒரு வாடிக்கைக்காரி கேட்டாள். "தெரியல," என்று மிபூ சொல்லிவிட்டாள். அவர் அப்படியே திரும்பிப் போனார். பிறகு அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

1964இல் பர்மா அரசு கடையைப் பறித்துக்கொள்ள, மகள் சீதையோடு கப்பலேறி மானகிரிக்கு வந்தார்கள். நான்கு வருடத்தில் மாயக்கண்ணன் காய்ச்சலில் இறந்தார். பர்மாவில் அனாதையாக வளர்ந்த நம் சனத்துப் பெண்தான் இவள் என்று சோணை ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். கண் ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு, "சின்னதுல அம்மை போட்டுச் சுருங்கிப்போச்சு," என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் கொத்தமங்கலம் அக்கம்மாள், தன் மகனுக்குச் சீதையைக் கேட்டிருந்தாள்.

"அத அடிச்சிருங்க சார்," என்றார் சோணை.

"சொல்றவுக சொல்றதத்தான் நான் எழுதணும்," என்றார் வாத்தியார்.

"அடிச்சீகன்னா காரைக்குடி ஆபீசுக்கே வந்து கேப்பேன்," என்றாள் மிபூ. "ஒருதடவ மாத்திச் சொல்லி எங்கப்பனத் தொலைச்சேன். போதும்."

வாத்தியார் எழுதிக்கொண்டு எழுந்தார்.

ஊர்ப்பேச்சு காதுக்கு எட்டி, நான்காம் நாள் அக்கம்மாள் வந்தாள். தண்ணீர்ச் செம்பை வாங்காமல் மிபூவைப் பார்த்தாள்.

"ஒங்க சனம் எதுன்னு ஒங்க வாயாலயே கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

"அவளுக்குப் புத்தி சரியில்ல ஆத்தா," என்றார் சோணை.

"சரியாத்தான் இருக்கு. ஒங்க பூட்டனுக்கு அப்பன் பேரச் சொல்லுங்க அத்தான், பாப்போம்."

"அது எதுக்கு இப்ப?" என்றார் சோணை.

"எனக்குத் தெரியும். அப்பன் பேரோட வாலு மகன் பேருக்குத் தல, அப்பிடித்தான் எங்கள்ள பேரு வப்பாக. சுமியோ, ஓதோலே, தோலேசும், சுமோயே..." மூச்சு விடாமல் இருபது பேர் சொன்னாள். "இன்னும் நாப்பது பேருக்கு அங்குட்டுத்தான் எங்கப்பன். நான் அனாத இல்ல. அம்மையும் போடல. இந்தக் கண்ணு எங்காத்தா கண்ணு."

அக்கம்மாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப இந்தப் பொண்ணு யாரு?" என்றாள்.

உள்ளே அழுதுகொண்டிருந்த சீதை வெளியே வந்தாள். "மாயக்கண்ணன் மக. இவுக மக. வேற யாரா இருக்கணும்?"

"நெசத்தச் சொன்னது நல்லது," என்று அக்கம்மாள் எழுந்தாள். "ஆனா ஊருக்குள்ள என்னால பதில் சொல்ல முடியாது தாயி."

அவள் தெருமுனை திரும்பியதும் சோணை கத்தினார். "இந்த வீட்ட விட்டுப் போயிரு!"

"இது ஒங்க தம்பி பங்கு. நான் எங்க போகணும்?"

மறுநாள் சோணை வீட்டின் குறுக்கே கீற்றுத் தட்டி கட்டினார். மிபூ தன் பக்கத்தில் அடுப்புப் போட்டுக்கொண்டாள். களை எடுக்கப் போனாள், நெல் அவிக்கப் போனாள். "பூவாயி" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "மிபூ" என்றால்தான் திரும்புவாள். மூன்று மாதத்தில் தெரு பழகிக்கொண்டது.

மகள்தான் எளிதில் பழகவில்லை. "எங் கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சொல்லியிருக்கலாம். அப்பறம் நீயும் ஒரு நா யாருகிட்டயாவது, இவ யாருன்னு தெரியலன்னு சொல்லியிருப்ப."

சீதை எழுந்துபோய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அன்று இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

1973இல் குன்றக்குடி லாரி டிரைவர் இராமு பெண் கேட்டு வந்தான். அவன் உட்காரும் முன்பே மிபூ எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரியும். ஊரே சொல்லுதே," என்று இராமு சிரித்தான். "நாள் பாக்கலாமா?"

கல்யாணத்துக்குச் சோணை வரவில்லை. அவர் மனைவி கருப்பி பட்டுச்சேலை உடுத்தி, புருஷன் பார்க்கப் பார்க்கத் தட்டியை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"மிபூ," என்று கூப்பிட்டாள், "பொண்ணுக்குப் பூ வச்சாச்சா?"