சூசைநாதனின் சிறந்த யோசனை

மனித குலம் கற்காலத்தையும் இரும்புக் காலத்தையும் தாண்டி 1982ஆம் ஆண்டு அறிவுக் காலத்தில் அடியெடுத்து வைத்தது. சிங்கப்பூர் ஜூரோங்கில் வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலைக்குள் அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தது.

"இனிமேல் கையை நம்பினவன் பிழைக்க மாட்டான். அறிவுப் பொருளாதாரம் வந்துவிட்டது! மூளையே மூலதனம்!" என்று கேன்டீன் மேடையில் முழங்கினார் சூசைநாதன். பொட்டலம் பிரிக்கிற சத்தத்தில் பாதிப்பேருக்குக் கேட்கவில்லை. பெட்டியில் திருகாணி ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று கடைசி மேசையில் உட்கார்ந்து பார்ப்பது பதினாறு வருஷமாக அவர் வேலை. அன்று அவருக்குச் 'சிறந்த யோசனை'ச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

யோசனை பூவம்மாவுடையது. திருகாணி முடுக்கும் பெண். மாலை வகுப்பில் இங்கிலீஷ் படிப்பவள். அவள் எழுதிக் கொடுத்த தாளில், குழுத் தலைவர் என்ற உரிமையில், சூசைநாதன் தன் பெயரைப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். அவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, கேட்டால் கௌரவம் போய்விடும்.

"அண்ணே, உள்ள என்ன எழுதியிருக்குன்னு சொல்லட்டா?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

"எனக்குத் தெரியாததா? வேலையைப் பாரு லா."

அடுத்த மாதம் யோசனை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு திருகாணி, எண்ணி ஒரு சின்னத் தட்டில். தட்டில் ஒன்று மிஞ்சினால் எங்கோ விட்டுப்போயிற்று என்று முடுக்குகிறவளே கண்டுகொள்வாள். கடைசி மேசையைத் தூக்கிக் கிடங்கில் போட்டார்கள்.

பணியாளர் பிரிவு அதிகாரி அப்துல் கஃபார் கூப்பிட்டனுப்பினார். "உங்க வேலை தேவையே இல்லைன்னு நீங்களே காட்டிட்டீங்களே, மிஸ்டர் சூசை. பெரிய மனசு!"

"சார், அது என் யோசனை இல்லை சார். அந்தப் பொண்ணு எழுதினது. மாதா சத்தியமா எனக்கு ஒண்ணுமே புரியலை."

"மேடையில அப்படிச் சொல்லலையே?"

"மேடையில யாரு சார் உண்மை பேசுறா?"

கஃபார் சிரிக்கவில்லை. "சரி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுத்துல குடுங்க. மேல அனுப்பிப் பார்க்கிறேன். இங்கிலீஷ்ல இருக்கணும் லா."

மறுநாளே கடிதம் போனது. தனக்கு எதுவுமே தெரியாது என்பதை ஒரு பிழைகூட இல்லாமல் எடுத்துச் சொல்லியிருந்தது. மூன்றாம் நாள் பதில் வந்தது: நிர்வாகம் அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறது, மாதக் கடைசியோடு வேலையிலிருந்து விடுவிக்கிறது.

கடிதத்தை எழுதிக் கொடுத்தவளும், வந்த பதிலை வாசித்துச் சொன்னவளும் பூவம்மாதான்.