ஹெஸ்டரின் வானத்தில் நான் இழுத்த கோடுகள்

ஹெஸ்டர் பென்னக்கின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைக் கெடுத்தவள் நான்தான். நாற்பது வருடமாக ஊரெல்லாம் இதை வேறு மாதிரி சொல்லி வந்தேன். ஓய்வு பெற்ற கிழவியை இனி யார் என்ன செய்துவிட முடியும்?

1921 டிசம்பர். லண்டன் சிஸ்விக்கில் எங்கள் இருவருக்கும் ஒரே பட்டறை. மரச்செதுக்கு ஓவியர்கள் அட்டையைக் கடையில் வாங்கினால் மானம் போய்விடும். தானே கட்டையில் செதுக்கி, அச்சடித்து, மற்ற ஓவியர்களுக்கு அனுப்ப வேண்டும். ஜனவரியில் அதே ஓவியர்களின் சங்கத்தில் ஹெஸ்டரைச் சேர்ப்பதா என்று வாக்கெடுப்பு. அதற்காகப் பத்து வருடம் ஏங்கியவள் அவள்.

அந்த வருட அட்டைக்கு அவள் செதுக்கியது தொழுவம், இரண்டு ஆடு, மேலே வானம். செதுக்காத மரம் கறுப்பாக அச்சாகும். வானத்தை அவள் தொடவே இல்லை. அவள் தம்பி போரிலிருந்து திரும்பவில்லை; அந்தக் கறுப்பு அவனுக்காக.

"நட்சத்திரம் இல்லாம கிறிஸ்துமஸா? ஆடு ரெண்டும் வழி தவறிடும்டி."

"தவறட்டும். நீ உன் கட்டையைப் பாரு, எனிட். மூணு வாரமா ஒரே வாத்து. அதுக்கும் கால் இல்ல."

அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று அவள் லீட்ஸுக்கு ரயிலேறினாள். அறுபது அட்டை அச்சடித்துத் தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு.

குளிரில் தேம்ஸ் நதி மீன்களெல்லாம் இருமின, என் காதாலேயே கேட்டேன். அச்சு மை தார் மாதிரி இறுகிவிட்டது. மையைத்தானே சூடாக்க வேண்டும்? நான் கட்டையைக் கணப்பருகே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த கட்டை; வந்து பார்த்தால், ஒட்டிய இடம் பிளந்து, வானத்தின் குறுக்கே விரிசல். அச்சில் வெள்ளைக் கோடு.

தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. உளியை எடுத்து இன்னும் எட்டுக் கோடு இழுத்து, விரிசலை ஒளிக்கதிராக்கி அனுப்பிவிட்டேன். கை நடுங்கவே இல்லை; அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பாராட்டுக் கடிதங்களைச் சுமந்து தபால்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எல்லாம் அந்தக் கதிர்களைப் பற்றித்தான். ஹெஸ்டர் ஒருமனதாகத் தேர்வானாள். ஊரிலிருந்து வந்தவள் அட்டையை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள்.

"யாருடி இதைக் கேட்டா?"

"கட்டை பிளந்துபோச்சு, ஹெஸ்டர். நான்தான் நெருப்புகிட்ட வெச்சு..."

"பிளந்தபடியே அனுப்பியிருக்கலாமே. அது என் வானம்டி."

அன்றே சங்கத்துக்கு எழுதினாள்: கதிர்கள் எனிட் டிராஸ்கினுடையவை, நீங்கள் தேர்ந்தெடுத்தது அவளை. ஒரே வாரத்தில் பதில் வந்தது, என் பெயருக்கு. அந்த இடத்தை நான் ஏற்பேனா என்று கேட்டிருந்தார்கள்.

மறுக்கத்தான் பேனாவை எடுத்தேன், சத்தியமாக. 'மிக்க நன்றி' என்று தொடங்கியதும், பேனா தானாகவே 'மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்' வரை ஓடிவிட்டது.

உறையை ஒட்டும்போது ஹெஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைப்பக்கம் போறேன். தபால் இருந்தா குடு, போட்டுடறேன்."

கொடுத்தேன்.