தாய்மார் சொன்ன முதல் விலை

சேஃபா கனடாவிலிருந்து வந்திறங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. அதற்குள் குமாசி மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் எல்லோர் வாயிலும் அவள் பெயர்தான். வாசலில் கெங்கி என்கிற புளித்த சோள உருண்டை விற்கிறவள் அவளுக்கு மட்டும் பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். காவலாளி ஓடிவந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அதே பிரிவில் வேலை பார்க்கிற டூஃபி அந்தக் கதவை இத்தனை வருடமாகத் தானேதான் தள்ளித் திறக்கிறாள்.

இதையெல்லாம்கூட டூஃபி பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது சேஃபா கொண்டுவந்திருந்த அந்த நீலப் பெட்டிதான்.

பெட்டிக்குள் பிள்ளைகளின் நடத்தையையும் மனநிலையையும் அளக்கிற கேள்வித்தாள்கள் இருந்தன. தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. இரண்டும் உள்ளூர் ட்வி மொழியில் வழவழப்பான தாளில் அச்சாகி வந்திருந்தன. புள்ளிகளைக் கூட்டிச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயம் பூசிக் காட்ட ஒரு கணினி நிரல் வேறு. டூஃபியிடம் இருந்ததோ, அவளே வருடக்கணக்கில் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய கேள்விகள். காது மடங்கிய நகல்கள்.

வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. தேர்ந்தெடுக்க வேண்டியவர் துறைத் தலைவர் டாக்டர் போவாட்டென். யாருடையது தேறுகிறதோ அவர் ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். மற்றவர் பின்னால் தாள்கட்டைச் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான். சேஃபாவின் தாள்கட்டைச் சுமப்பதாக டூஃபி ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். குடித்த தண்ணீர் கசந்தது.

அன்று சாயங்காலம் கெஜெட்டியா சந்தையில் அம்மாவின் துணிக்கடைக்குப் போனால், அங்கேயும் அதே பாட்டு.

"உன்கூட வேலை செய்யுற அந்தப் பொண்ணு வந்துச்சுடீ. என்ன தங்கமான பொண்ணு!"

"யாரு, சேஃபாவா? இங்க எதுக்கு வந்தா?"

"துணி வாங்கத்தான். பறவை போட்ட அந்த நீலத் துணிய எடுத்துக்கிச்சு."

அந்தத் துணியை டூஃபி கேட்டபோது, விற்பனைக்கு வைத்திருக்கிறேன், தொடாதே என்றவள் இதே அம்மாதான்.

"பேரம் பேசினாளா?"

"பேரமா! நான் வாய்க்கு வந்த முதல் விலைய சொன்னேன். அப்படியே குடுத்துட்டு, 'ரொம்ப நன்றி மாமி'ன்னு கும்பிடு போட்டுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, போ. மனசு கேக்காம தலைக்குக் கட்ட ஒரு துண்டு சும்மா வெட்டிக் குடுத்தேன்."

டூஃபிக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "முதல் விலையையேவா?"

"ஏன்டீ பல்லைக் காட்டுற?"

"ஒண்ணுமில்லம்மா."

முதல் விலையை நம்புகிற ஒருத்தி, நாளைக்குச் சந்தைத் தாய்மாரிடம் கேள்வி கேட்கப் போகிறாள். டூஃபிக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

மறுநாள் காலை, சந்தையை ஒட்டிய பள்ளியிலிருந்து தாய்மாரும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அதே ஆட்களிடம் இரண்டு முறையையும் சோதித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஆரம்பிப்பதற்கு முன்னால் சேஃபா டூஃபியின் மேசைக்கு வந்தாள். உடம்பில் அந்தப் பறவைத் துணி. அதற்குள் தைத்தும் ஆகிவிட்டது.

"அக்கா, இந்தத் தாய்மார்கிட்ட நான் கவனமா இருக்க வேண்டியது ஏதாவது இருக்கா? இவங்கள உங்களுக்குத்தானே தெரியும்."

சொல்ல வேண்டிய வார்த்தை டூஃபியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் கண் துணியில் இருந்த பறவையின் மேல் விழுந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

"ஒண்ணுமில்லயே. நீங்க படிக்காததா? தாளைக் குடுங்க, பேனாவைக் குடுங்க, அவ்வளவுதான்."

சேஃபா அப்படியே செய்தாள். ஒருபோதும் இல்லை, சில நேரம், பல நேரம், எப்போதும் என்று நான்கு கட்டங்கள். தாய்மார் முதல் மூன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடிப்பானா? எப்பவும். உடைப்பானா? எப்பவும். பேரே குவாக்கு, புதன்கிழமை பொறந்தவன். புதன்கிழமைப் பிள்ளைங்க எல்லாமே வாலுதான். வேற எப்படி இருப்பான்?"

கணினி எல்லாவற்றையும் கூட்டிச் சிவப்பாகக் கக்கியது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சிவப்பு.

டாக்டர் போவாட்டென் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது, பள்ளிக்கூடமா, சிங்கக் கூண்டா?"

அடுத்தது டூஃபியின் முறை. அவள் தாளை யார் கையிலும் கொடுக்கவில்லை. குவாக்குவின் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எப்பவும் அடிப்பானா? தூங்கும்போதுமா?"

"தூக்கத்த விடுங்க."

"ஸ்கூல்ல?"

"அங்க டீச்சர் பிரம்பு வச்சிருக்காளே."

"சாப்பிடும்போது?"

"அப்ப ரெண்டு கையும் ஃபூஃபூக் களியிலல்ல இருக்கும்!"

"அப்புறம் எப்பதான் அடிக்கிறான்?"

"தம்பி இவன் பந்தை எடுத்தா."

"அது சில நேரம்."

"கொஞ்சம் கூட்டிப் போடு தாயே. அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கேன்."

"சில நேரம். இதுதான் கடைசி."

"சரி, போட்டுக்கோ."

உதவி கேட்டு வருகிற தாய், குறைத்துச் சொன்னால் குறைவாகத்தான் கிடைக்கும் என்று நினைக்கிறாள். அவள் முதலில் சொல்வது பேச்சுக்குச் சொல்கிற விலை. டூஃபியின் முறையில் எந்தப் பதிலையும் முதல் தடவை கேட்டதும் எழுதக்கூடாது. இறக்கி இறக்கி, படிகிற இடத்தில்தான் எழுத வேண்டும். மத்தியானத்துக்குள் அவளுடைய கணக்கில் உண்மையாகவே உதவி தேவைப்படுகிற சில பிள்ளைகள் மட்டும் நின்றார்கள். டாக்டர் அவள் தோளில் தட்டினார். சேஃபா நீலப் பெட்டியை மூடினாள். அந்த மூடி விழுந்த சத்தம் டூஃபியின் காதுக்குத் தேனாக இருந்தது.

"டாக்டர், ஒண்ணு மட்டும்" என்றாள் சேஃபா. "பிராகோன்னு ஒரு பொண்ணு, ஒன்பது வயசு. பிள்ளைகளுக்கான கேள்விய அவகிட்ட நான் தனியா கேட்டேன். 'நான் வீட்டுல இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி'ன்னா. அழக்கூட இல்ல. அதான் பயமா இருக்கு."

"உங்க பெட்டி எல்லாரையும்தான் சிவப்புங்குது. இதையும் எப்படி நம்புறது?" டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினார். "டூஃபி, உன் கணக்குல இந்தப் பொண்ணு எப்படி?"

டூஃபிக்கு பிராகோவின் தாய் நன்றாக நினைவிருந்தாள். "அவளா? தங்கம். ஒரு தொல்லையும் இல்ல. இருக்கிற இடமே தெரியாது" என்றிருந்தாள். எல்லோரிடமும் மல்லுக்கு நின்ற டூஃபி, இவளிடம் மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. மலிவாகச் சொன்னால் யார் பேரம் பேசுவார்கள்? ஆனால் அம்மாவின் கடையில், நல்ல துணியை ஒருவன் அடிமாட்டு விலைக்குத் தள்ளினால், அம்மா அதை வெளிச்சத்தில் விரித்துப் பூச்சி அரித்த இடம் எங்கே என்று தேடுவாள். டூஃபி விரித்துப் பார்க்கவே இல்லை.

ஒரு வார்த்தை. 'தொல்லை இல்லை' என்று சொன்னால் போதும், பயிற்சி அவளுக்கு, ஊர் ஊராகப் பயணம் அவளுக்கு. தாள்கட்டு சேஃபாவுக்கு. பிராகோ வீட்டுக்குப் போய்விடுவாள், இருக்கிற இடம் தெரியாமல்.

"தொல்லை இல்லைன்னு எழுதியிருக்கேன், டாக்டர்" என்றாள் டூஃபி. நிறுத்தினாள்.  "எழுதினது தப்பு. கூட்டிச் சொல்றத இறக்கத்தான் எனக்குத் தெரியும். குறைச்சுச் சொல்றது என் கேள்வியில மாட்டாது. சேஃபாவோட தாள்ல கெட்டது தாய்மார் சொன்ன பாதிதான். பிள்ளைங்க பேரம் பேசாது. அந்தப் பொண்ணு சொன்னது அசல் விலை."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப தாய்க்கு உன் கேள்வி, பிள்ளைக்கு அவ கேள்வி. ரெண்டையும் சேர்த்துத் தைங்க. அந்தப் பொண்ணை இப்பவே கூப்பிடுங்க, வீட்டுக்கு அனுப்பாதீங்க."

தாழ்வாரத்தில் சேஃபா டூஃபிக்கு ஈடுகொடுத்து நடந்தாள்.

"காலையில கேட்டேனே அக்கா."

"கேட்ட."

"சொல்லலை."

"சொல்லல."

 பிறகு சேஃபா, "சேர்த்துத் தைக்கிற கேள்வித்தாள் அட்டையில என் பேர் மட்டும் இருக்கட்டும். பயிற்சியும் நான்தான் குடுப்பேன். பிராகோவையும் நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

டூஃபி நின்றுவிட்டாள். "உன் பேர் மட்டுமா? உனக்கு வெயில் ஒத்துக்கலையா? அந்தப் பெட்டி நான் இல்லேன்னா இந்நேரம் குப்பையில கிடக்கும்!"

"சரி, ரெண்டு பேரும். என் பேர் முதல்ல."

"என் பேர் முதல்ல. பயிற்சிக்குச் சேர்ந்து போவோம். அவங்கவங்க தாளை அவங்கவங்க சுமக்கணும்."

"பிராகோ?"

"அவ உன்கிட்டதானே வாயைத் திறந்தா. நீயே பாரு. அவங்கம்மாவை நான் பாத்துக்கிறேன்."

"சரி அக்கா" என்று சட்டென்று ஒத்துக்கொண்டு, பிராகோ உட்கார்ந்திருந்த அறையை நோக்கி விறுவிறுவென்று போனாள் சேஃபா.

அவள் முதுகில் அந்தப் பறவை பறந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் டூஃபிக்கு உறைத்தது. ஆரம்பத்திலிருந்தே இவளுக்கு வேண்டியிருந்தது பிராகோ மட்டும்தான். மற்றதெல்லாம் பேச்சுக்குச் சொன்ன விலை. தான் சந்தையிலேயே பிறந்து வளர்ந்து கற்ற வித்தையை, இவள் ஒரு மத்தியானத்தில் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கும் வயிறு எரிந்தது.

இனி கடைக்கு வந்தால் இவளிடம் ஜாக்கிரதை என்று அம்மாவை எச்சரிக்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அம்மாவும் கொஞ்சம் படட்டும்.