தன்னையே மாடிக்குக் கூப்பிட்ட மைக்காரர்

ஒரு மனிதரை அவர் வாயாலேயே, ஒலிபெருக்கியில், ஊரே கேட்க, அவர் மேல் வந்த புகாரின் விசாரணைக்கு அவரையே கூப்பிட வைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான். இதை முதலில் நம்ப மறுத்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர், என் மனைவி. மற்ற யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

விஷயம் என் மைத்துனனுடையது, அதாவது அவளுடைய தம்பி. அவனுக்கு என்ன நோய் என்று மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். கொஞ்ச நாளாக நின்றபடியே சாப்பிட்டான், நின்றபடியே டிவி பார்த்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அக்காவுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சினான். போனோம்.

அங்கே கூடத்தின் நடுவில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மைக்காரர். கம்ப்யூட்டரில் வருவதைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவது அவர் வேலை. டோக்கன் எண்ணைச் சொன்னால் போதும். அவரோ வந்த காரணத்தையும் சேர்த்து, தன் சொந்தச் சரக்கையும் கலந்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை முழங்கினார்.

"வாயுத் தொல்லைக்காரர் ஐந்தாம் அறைக்கு வரவும். மற்றவர்கள் தள்ளி நின்று வழிவிடவும்."

அவர் குரலுக்கு அடுத்த தெருவில் தூங்கிய நாய் எழுந்து உட்கார்ந்தது. கூடம் சிரித்தது. வாயுத் தொல்லைக்காரர் சுவரோடு சுவராக நகர்ந்து போனார்.

மைத்துனனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா, என்னோடத இந்த ஆளு மைக்ல சொன்னா நான் ஊரைவிட்டே ஓடிடுவேன். வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

"வைத்தியம்?"

"வேணாம். காலம் பூரா நின்னுக்கிட்டே இருந்துடறேன்."

"குதிரைதான்டா அப்படி இருக்கும். வாசல்ல நில்லு, ஓடிடாத. உன் முறை வர்றதுக்குள்ள வரேன்."

பணியாளர்கள் மரியாதைக்குறைவாக நடந்தால் மாடியில் குறைகேட்பு அலுவலரிடம் சொல்லலாம் என்று சுவரில் ஒரு பலகை இருந்தது. பறந்தேன். நான் மாடியில் நின்று மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் என் முழங்கால்கள் வந்து சேர்ந்தன.

அலுவலர் அம்மாவின் எதிரே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அம்மா என்னை ஏறிட்டு, "என்ன விஷயம்னு மட்டும் சொல்லுங்க, அடிச்சு வச்சிடறேன்" என்றார். சொன்னேன். கவனமெல்லாம் முதல் ஆளிடம் இருக்க, டக்டக்கென்று தட்டினார்.

"வெளிய உக்காருங்க. கூப்பிடுவாங்க."

"யாரும்மா கூப்பிடுவாங்க?"

"எல்லாரையும் கூப்பிடறவர்தான்."

புகாரே அவர் மேல்தான் என்று சொல்லிவிடலாமா என வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். வாழ்நாளில் சரியான நேரத்தில் அதை மூடியது அந்த ஒரு தடவைதான்.

சற்று நேரத்தில் கீழே முழங்கியது. "மைக்காரர் நோயாளிகளின் நோயை ஊருக்கெல்லாம் சொல்லிக் கேலி செய்கிறார் என்று புகார் கொடுக்க வந்தவர் மாடிக்கு வரவும்."

பழக்க தோஷம், மனிதர் இரண்டாம் தடவையும் தொடங்கினார். பாதியில் குரல் கரைந்தது. ஆனால் வழக்கத்தை விடவில்லை, 'வரவும்' வரை படித்துவிட்டார்.

கூடமே எழுந்தது. "எனக்கும் அதே புகார்தான்" என்று ஐயாயிரம் பேர் படியேறினார்கள். மாடி இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. முன்னால் வந்தவர் வாயுத் தொல்லைக்காரர், எல்லோரும் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள்.

அம்மா அசரவில்லை. "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. யாரு, என்ன சொன்னாரு, எப்போ, கூட யாரு கேட்டாங்க. புகார் சொன்னதால உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது." எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்து மறுபடி தட்டினார்.

"மைக்காரர் உடனே மாடிக்கு வரவும்" என்று மைக்காரர் கூப்பிட்டார். இரண்டாம் தடவை, "தயவுசெய்து" என்று சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகு வெறும் எண்கள்தான். மைத்துனனின் எண் வந்தபோது எதற்கு வந்தவன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ராஜா மாதிரி உள்ளே போனான்.

அன்று சாப்பாட்டு வேளையில் மனைவியிடம் இதைச் சொன்னேன், மைத்துனன் பெயரை மட்டும் விழுங்கிவிட்டு. அவன் சுவரோரம் தட்டோடு நின்றிருந்தான்.

"ஆஸ்பத்திரியில உங்களுக்கு என்ன வேலை? புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள். "சாட்சி யாரு?"

"இருக்கு. சொல்லமாட்டேன். கடைசியில மைக்காரர் மாடிப்படியில மயங்கி விழுந்து, ஸ்ட்ரெச்சர்ல தூக்கி..."

"விழவே இல்ல மாமா," என்றான் மைத்துனன் பொறுக்க முடியாமல். "பாவம், அந்தாளு ஒழுங்காத்தான் ஏறிப் போனாரு. எல்லார்கிட்டயும் மன்னிப்புகூடக் கேட்டாரு."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

"நீயும் போயிருந்தியாடா?"

"ஆமாக்கா. எனக்குத்தான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மருந்துலயே சரியாயிடுமாம்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை, என்ன நோய் என்று எதையும் அவள் கேட்கவில்லை. அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, யாரோ கையை முறுக்குவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "சரி, நடந்திருக்கு" என்றாள்.