மாப்பிள்ளை கையெழுத்துப் போடக் கூடாது

1

பிராங்க்ளின் பேனா மூடியைப் பல்லால் கழற்றிவிட்டார். முனை தாளைத் தொடுவதற்குள் அவர் மனைவி அன்புக்கரசி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போட்டீங்கன்னா வீடு போச்சு!"

(நான் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காரன், கொலையில் ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். ஆனால் இது திண்டுக்கல்லில் நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில், என் கண்முன்னே நடந்தது. பிணம் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

வீட்டுக்கார அம்மா செபாஸ்தியம்மாளுக்கு மதுரையில் இருதய ஆபரேஷன். வாசலில் கார் ஹாரன் அடிக்கிறது. கிளம்புமுன் உயிலில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீடு மகள் அன்புக்கரசிக்கு என்று வாயால் சொன்னாரே தவிர, யாரையும் படிக்க விடவில்லை. கடைசிப் பக்கம் மட்டும் தெரிய மடித்துப் பிடித்திருந்தார்.

சாட்சி இரண்டு வேண்டும். எதிர்வீட்டு அப்துல் வாஹித் பாய் போட்டாயிற்று. இன்னொன்றுக்குத்தான் இந்த மல்லுக்கட்டு.

"மூத்த மாப்பிள்ளை நான் நிக்கையில வெளியாளு சாட்சியா?"

(ஒரே மாப்பிள்ளை.)

"இது என்ன கல்யாணப் பந்தியா, மொத எலை உங்களுக்குப் போட? வக்கீலு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நம்ம கிறிஸ்தவங்க உயில்ல, சாட்சி போடுற ஆளுக்கோ அவரு பொண்டாட்டிக்கோ எழுதுனது செல்லாதாம். அப்புறம் சென்னைல இருக்க அண்ணனும் பங்குக்கு வந்து நிப்பாரு. ஒரு செங்கல்லைக்கூட விட மாட்டேன்!"

"ஏத்தா, மாப்பிள்ளை மனசு கோணாமப் பேசு. எனக்கு நெஞ்சு வலிக்குது."

"செத்த நேரம் பொறும்மா, இப்ப வலிக்காத!"

3

முதல் பிரதியில் பிராங்க்ளினைப் பேராசைக்காரராக எழுதிப் பார்த்தேன். 'அவர் கண்களில் ஒரு குரூரமான—' அடித்துவிட்டேன். பேராசைக்காரர் என்றால் அந்தப் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டாரே! மரியாதைக்காக வீட்டையே விடத் துணிந்த மனிதரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை.

திடீரென்று எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"அண்ணே, நீங்க போடுங்க," என்றாள் அன்புக்கரசி.

"எனக்குக் கை சுளுக்கு."

"காலையிலகூட மாடில டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சே?"

"அதான் சுளுக்கு."

"அம்புட்டுக் கொலை எழுதுறாரு, ஒரு கையெழுத்துக்கு நடுங்குறாரப்பா," என்றார் பிராங்க்ளின்.

செபாஸ்தியம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

முடிவு அ: நான் வீரமாகப் பேனாவை வாங்கி—

முடிவு ஆ: செபாஸ்தியம்மாள் நெஞ்சைப் பிடித்தபடி—

இரண்டும் பொய். ஹாரன் அடித்து அலுத்துப்போன டிரைவர், பேகம்பூர் சதாம், உள்ளே வந்தார்.

"அம்மா, இது உங்க கையெழுத்துத்தானா?"

"ஆமாப்பு. நான் போட்டதுதான்."

சதாம் சாட்சிக் கையெழுத்தை இழுத்துவிட்டுப் பேனாவை நீட்டினார். "மாப்பிள்ளை சார், முன்சீட்டு உங்களுக்குத்தான். ஏறுங்க."

பிராங்க்ளின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக நடந்தார்.

5

காரில் ஏறுமுன் அன்புக்கரசி என்னை முறைத்தாள். "ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆகலையேண்ணே."

ஆபரேஷன் எப்படி முடிந்தது, உயிலை யார் எப்போது பிரித்தார்கள்— எழுத மாட்டேன். அந்த முடிவு உங்கள் பாடு. என்னிடம் இருப்பது முந்தின நாள் மாடிப்படியில், மூச்சு வாங்க ஏறி வந்து, செபாஸ்தியம்மாள் சொன்னது மட்டும்தான்:

"வாராவாரம் கொலைகாரன் யாருன்னு எனக்கு மட்டும் முன்னாடியே சொன்ன ஆளு நீ. அதனால உனக்கு மட்டும் முன்னாடியே சொல்றேன், அப்பு. எம் மக காதுல விழுந்துறாம. உயில்ல மாடியை உன் பேருக்கு எழுதிட்டேன்."